ஓதி முடிச்சாச்சு, அப்புறம்?

மக்தபில், அதாவது குர்ஆன் ஓதப் பழக்கும் சின்ன மதரஸாவில், பிள்ளை குர்ஆன் ஓதி முடித்த அன்று நம் வீடுகளில் இருக்கும் சந்தோஷம் தனி. ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்துக்கு வேட்டி, துண்டு, கையில் ஹதியா (அன்பளிப்பு), அக்கம்பக்கத்துக்கு இனிப்பு, குடும்ப வாட்ஸ்அப்பில் வரிசையாக மாஷா அல்லாஹ். எல்லாம் நல்லதுதான். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பு வந்ததும் டியூஷன் வந்துவிடுகிறது. மதரஸா நேரமும் கணக்கு டியூஷன் நேரமும் மோதினால் எது விடுபடும் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. "அதான் ஓதி முடிச்சிட்டானே" என்று ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும். பதின்மூன்று வயதில், கேள்விகள் கிளம்புகிற வயதில், மார்க்கக் கல்விக்கு நாம் கதவைச் சாத்துகிறோம். அதுவரை அவன் கற்றது ஓசையும் உச்சரிப்பும்தான். தஜ்வீத் எனும் ஓதல் முறை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அதோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அம்ம ஜுஸ்உவை எடுத்துக்கொள்ளுங்கள். குர்ஆனின் 30-ஆவது பாகம், 37 சூராக்கள் (அத்தியாயங்கள்). பிள்ளைகள் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் இதிலிருந்துதான். அதில் மாஊன் சூரா, 7 வசனங்கள், சின்னது என்பதால் தொழுகையில் அடிக்கடி ஓதுவோம். அது என்ன சொல்கிறது? மார்க்கத்தைப் பொய்யாக்குபவன் யார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அநாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன் என்கிறது. அடுத்து, தொழுகையில் பராமுகமாக இருந்துகொண்டு, பிறர் பார்க்கத் தொழுது, அற்பப் பொருளைக்கூடக் கொடுக்காமல் தடுப்பவர்களுக்குக் கேடு என்கிறது. இதை ஓதித் தொழுதுவிட்டு, தொழுகை விரிப்பான முஸல்லாவை மடிக்கும்போதே சம்பளத்தில் முன்பணம் கேட்ட வேலைக்கார அம்மாவிடம் எரிந்து விழுகிற வீட்டில் பிள்ளை எதைக் கற்கும்?

நம்மில் எத்தனை குடும்பங்களுக்குக் கடைதான் வாழ்க்கை! முதஃப்ஃபிஃபீன் சூரா இதே அம்ம ஜுஸ்உவில்தான் இருக்கிறது. வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்குக் கேடு என்றே அது தொடங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டுக் கல்லாவில் வந்து உட்காரும் மகனுக்கு இதைவிடப் பெரிய தீனிய்யாத் (மார்க்கக் கல்வி) பாடம் என்ன இருக்கிறது? ஆனால் ராகமாக ஓதக் கற்றுக்கொடுத்துவிட்டு, தராசு விஷயத்தை மட்டும் வியாபாரத் தந்திரம் என்று தனியாக வைத்துக்கொள்கிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அபஸ சூரா. மக்காவின் குரைஷிக் குலத் தலைவர்களிடம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் மார்க்கம் கேட்டு வருகிறார். பேச்சு தடைபட்டதில் நபியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவ்வளவுதான், அதைத் திருத்தி இறை வசனம் இறங்கிவிட்டது. பார்வையில்லாத அந்த மனிதரால் முகச்சுளிப்பைப் பார்த்திருக்கவே முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இந்தச் சம்பவத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையனைப் பற்றி அதுவாகவே பேச ஆரம்பிக்கும்.

கோடை விடுமுறை தீனிய்யாத் முகாம்களில் "வாழ்க்கையின் நோக்கம்" என்று ஒரு தலைப்பு கண்டிப்பாக இருக்கும். ஜின்களையும் மனிதர்களையும் தன்னை வணங்குவதற்காகவே படைத்ததாக அல்லாஹ் சொல்லும் வசனத்தை ஓதி, விளக்கி, பரிசும் கொடுப்பார்கள். மீதி மாதங்களில் பிள்ளை வீட்டில் கேட்கிற நோக்கம் எது? நீட் மதிப்பெண், அப்புறம் வளைகுடா விசா, மாடி வீடு, கல்யாண மண்டபத்தின் அளவு. படிப்பும் சம்பாத்தியமும் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமில்லை. டாக்டருக்குப் படிக்கிற மகளிடம், நாளைக்கு உன்னிடம் வருகிற ஏழை நோயாளியை நீ நடத்துகிற விதமும் வணக்கம்தான் என்று யார் சொல்லியிருக்கிறோம்?

ஹஜ்ரத்மார்கள் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை அத்தனை பிள்ளைகளிடமும் ஒவ்வொருவராகப் பாடம் கேட்க வேண்டும். அதில் அர்த்தம் சொல்ல நேரம் எங்கே? மினாரா கட்ட வசூல் என்றால் ஓடி ஓடிக் கொடுக்கிறோம். ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் சம்பளத்தைக் கூட்டும் பேச்சு வந்தால் பள்ளிவாசல் ஜமாஅத் கூட்டத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடுகிறது.

நம் முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. குர்ஆன் எழுத்து மட்டுமே தெரிந்த பெண்களும் மார்க்கத்தைத் தமிழிலேயே படித்துப் புரிந்துகொள்ள, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரிய அறிஞர்கள் அதில் நூல் எழுதினார்கள். அதற்கும் முன்னால், முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் காலத்தால் முந்தியதாகச் சொல்லப்படும் ஆயிரம் மசலா, 1572-இல் அரங்கேறியது. அது முழுக்கக் கேள்வி பதில். நபியவர்களிடம் யூத அறிஞர் ஒருவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார், அவர்கள் பதில் சொல்வார்கள். அப்படிப்பட்ட வழியில் வந்த நாம், பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, குஃப்ர் (இறைமறுப்பு) ஆயிடும்" என்று வாயை அடைக்கிறோம். அதே கேள்வியை அவன் யூடியூபிடம் கேட்பான். அங்கே யார் பதில் சொல்வார் என்பது அவன் அதிர்ஷ்டம்.

ஞானி லுக்மான் தன் மகனுக்குச் சொன்ன உபதேசம் குர்ஆனிலேயே இருக்கிறது. இணை வைக்காதே என்று தொடங்கி, கடுகளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் வெளிக்கொண்டு வருவான், தொழு, பெருமையடித்து நடக்காதே, குரலைத் தாழ்த்திப் பேசு என்று போகும். ஓர் அத்தா பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு அது. துபாயிலும் ரியாத்திலும் இருக்கும் நம் அத்தாமார்கள் (என் வீட்டுக்காரரும்தான்) தினமும் போனில் "சாப்டியா, மார்க் எவ்ளோ" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். பாவம், டியூட்டி முடிந்த களைப்பு. ஆனாலும் மூன்றாவதாக ஒரு பேச்சுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு சின்ன சூராவைத் தமிழ் தர்ஜமாவோடு (மொழிபெயர்ப்போடு) படிக்கிறோம். தினமும் நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். லுக்மான் சூராவில் அந்த உபதேசத்தைப் படித்த அன்று, குரல்களிலேயே வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்ற இடத்தில் சின்னவன் நிறுத்தி, "அப்ப அதை அல்லாஹ் ஏன் அப்படிப் படைச்சான்?" என்று கேட்டான். பதில் யோசித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மகள், "நீங்க கத்துறப்ப உங்களுக்கு ஞாபகம் வரணும்னுதாம்மா" என்றாள். அன்றைய பாடம் எனக்குத்தான்.

இன்னொன்று. இப்போது ஊருக்கு ஊர் பெண்கள் அரபிக் கல்லூரி இருக்கிறது. ஆலிமா (மார்க்கம் கற்றவர்) பட்டம் வாங்கிய மருமகள்கள் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை, மய்யித்து (இறப்பு) வீட்டில் யாசீன் சூரா ஓதுவதும் அடுப்படியும்தான். மதரஸாவை விட்டு நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அர்த்தத்தோடு அம்ம ஜுஸ்உ நடத்த அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? சும்மா நடத்தச் சொல்லாமல் சம்பளம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். உங்கள் மஹல்லாவில் ஜமாஅத் கூட்டம் நடந்தால் இந்த ஒரு விஷயத்தை எழுப்புங்கள். எங்கள் ஊரில் பெண்கள் சேர்ந்து கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.