ஒரு வரியும் பங்களிப்புதான்
நிரலாக்கத்தில் கரைகண்டவர்களால்தான் திறமூல நிரலகங்களுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஆயத்த நிரல் தொகுப்புகளுக்கு, பங்களிக்க முடியும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடலூரில் எங்கள் தெரு நூலகத்தின் உறுப்பினர் பட்டியலை பைத்தான் நிரல்மொழியில் ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது கொண்டூர் இரண்டு ஊராக வந்து நின்றது, திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், தோண்டிப் பார்த்தால் ஒருவர் தட்டிய ‘கொ’வில் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இன்னொருவருடையதில் ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் இருந்தது. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு இரண்டையும் சமமாகத்தான் கொள்கிறது, நான் பயன்படுத்திய சின்ன நிரலகம் ஒப்பிடும் முன் அதைச் சீராக்காமல் விட்டிருந்தது. சரி என்று நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு இஷ்யூ (பிழை அறிக்கை) எழுதி, அந்த இரண்டு கொண்டூரையும் சோதனையாக வைத்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றும் ஒரே ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினேன். நிரலகத்தைப் பராமரிப்பவர்கள் இரண்டு முறை திருத்தச் சொன்னார்கள், அப்புறம் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் கொம்பும் காலும் பிரிந்து கிடப்பது தினமும் தமிழ் தட்டுகிறவர் கண்ணில்தான் முதலில் படும். மேலே கருத்துப் பகுதியில், ஆங்கிலம் வராதே, பிழையை எப்படி எழுதி அனுப்புவது என்று கேட்ட நண்பருக்கு: நிரலுக்கு என்ன கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றையும் தப்பும் தவறுமாக எழுதினாலே போதும், நிரலகத்தின் பதிப்பு எண்ணை மட்டும் மறக்காமல் போடுங்கள்.