செய்முறை வகுப்பைத் தூக்கியதற்குப் பெயர் பாடத்திட்ட மேம்பாடாம்

புதன்கிழமை வந்த சுற்றறிக்கையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றுக் கூட்டத்தில் அதற்குக் கைதட்டவும் வைத்தார்களே, அதற்கப்புறம் முடியவில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் இரண்டு பிரிவேளை நடந்த வேதியியல் செய்முறை இனி கிடையாது. அந்த நேரத்தில் மாதிரி நுழைவுத்தேர்வு. செய்முறைக்குக் காணொளி காட்டுவார்களாம். இதற்குப் பெயர் பாடத்திட்ட மேம்பாடாம்! ஒரு பாடத்தை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு பாடம் வரவேண்டும். தேர்வு பாடம் ஆகாது.

போன வருடம் ஒரு மாணவி தரம்பார்த்தல் செய்துகொண்டிருந்தாள். பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு, வினை முடிய எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பது. முதல் அளவு 24.6 மி.லி., அடுத்தது 24.5, மூன்றாவது 25.3. "மிஸ், இதில் எது சரியான விடை?" என்றாள். நான் சொல்லவில்லை, பியூரெட்டையே பார் என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள், அப்புறம் குனிந்தாள். அடுத்ததற்கு நிரப்பி வைத்திருந்த பியூரெட்டின் குழாய் மூக்கில் பொட்டு அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி. மூன்றாவது முறையும் அப்படி ஒன்று நின்று பாதியில் வெளியேறியிருக்க வேண்டும், அதனால்தான் அளவு ஏறிவிட்டது என்று அவளே கண்டுபிடித்தாள். குமிழியை விரட்டிவிட்டு மறுபடி செய்தாள், 24.5. நோட்டில் அந்த 25.3-ஐ அழிக்கவில்லை, பக்கத்தில் 'குமிழி' என்று எழுதி வைத்தாள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எந்தக் கேள்வி அந்தக் குமிழியைக் காட்டும்? காணொளியில் குமிழியே இருக்காது, நன்றாக வந்ததைத்தானே படம் பிடிப்பார்கள்.

"அடிக்கடி தேர்வு எழுதினால் மனதில் நிற்கும் என்று ஆய்வே இருக்கிறது" என்று ஒருவர் வருவார். இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் செய்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே மேல். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எழுதியது சொந்த நினைவிலிருந்து, கட்டத்தை நிரப்பவில்லை. சோதனைக்கூடத்தைப் பூட்டச் சொல்லியும் அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

"நுழைவுத்தேர்வுதானே முக்கியம்?" முக்கியம்தான். ஆனால் அந்தத் தேர்வாவது ஒரே இடத்தில் நிற்கிறதா? அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில் 2005-இல் கட்டுரை சேர்த்தார்கள், 2016-இல் விருப்பமிருந்தால் எழுது என்றார்கள், 2021-இல் பெரும்பாலோருக்கு எடுத்தே விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம் பின்னாலேயே ஓடுமா? வாஷிங்டன் பகுதியில் எட்டுத் தனியார் பள்ளிகள், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்திப் பொதுத்தேர்வு வைக்கும் ஏபி பாடங்களையே கைவிடப்போவதாக 2018-இல் சேர்ந்து அறிவித்தன. அவர்களிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் கல்லூரி வேண்டும்தானே.

அவர்கள் பெரிய பணக்காரப் பள்ளிகள், துணிவார்கள் என்பீர்கள். இருக்கலாம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நம் பள்ளியின் அறிமுகக் கையேட்டு அட்டையில் மட்டும் ஏன் பியூரெட் பிடித்த மாணவன் நிற்கிறான்?

இதில் பொறுக்கமுடியாதது ஒன்று உண்டு. "ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம்" என்றார்கள். கேட்டார்கள். ஒரு படிவம் வந்தது. 'முழுமையாக ஆதரிக்கிறேன்', 'ஆதரிக்கிறேன்', 'சில திருத்தங்களுடன் ஆதரிக்கிறேன்'. எங்களுக்கும் கொள்குறி வினாதான்! நான் எதிலும் குறியிடாமல், அடியில் இருந்த வெற்றிடத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். அது எங்கே போனதோ. 'பதில் அளிக்காதவர்கள்' பட்டியலில் என் பெயர் இருந்தது.

பதினொரு வருடம். எனக்குப் பாடவேளை குறைகிறதே என்று கத்துவதாக ஒரு சக ஆசிரியரே சொன்னாராம். உண்மையில் குறையவில்லை, மாதிரித் தேர்வுக்கு மேற்பார்வையாளர் நான்தான். இரண்டு பிரிவேளை சும்மா நடந்துகொண்டே இருக்கலாம், செய்முறை நடத்துவதைவிட எவ்வளவோ சுகம்.

சோதனைக்கூட அலமாரிச் சாவியைத் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்துவிடுவேன். இருபத்திரண்டு பியூரெட், அதில் மூன்றின் திருகு ஒழுகும். எண்ணி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.