தூசி என்று திருத்திய கை

ஊரில் மூத்த கவிஞர் ஒருவரின் பெயரில் வந்த அந்தக் கவிதைப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள் நான். சேலத்தில் ஓர் அச்சகத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கவிதைத் தொகுப்பு வரை என் கைவழியாகப் போனவை ஏராளம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தம் பெயரில் கொண்டுவருவதை இதற்கு முன்பும் பார்த்து, வயிறெரிந்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. மூன்றாம் பக்கத்தைத் தட்டும்போதே அடுத்த வரி என்னவென்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வரிகளை எழுதியவன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் பற்றவைப்பு வேலை செய்கிற பையன். அப்பாவுக்கும் அதே தொழில்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூலிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவான், இரவில் அதை நோட்டில் படியெடுப்பான். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் அந்த நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்து, "அக்கா, ஐயாகிட்ட காட்டணும், சுத்தமா அடிச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டான். முப்பத்தெட்டுக் கவிதைகள். அந்த வாரக் கூலியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தான். அவற்றில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவேயில்லை:

பொடி வைத்து ஊதினார் அப்பா.
கண்ணிகள் ஒட்டிக்கொண்டன,
இமைமயிர் கருகியது.

பட்டறைத் தெருவில் வளர்ந்தவர்களுக்குப் பொடி என்றால் என்னவென்று தெரியும். அது வெள்ளிக் கண்ணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பற்றுப்பொடி. அதை இணைப்பில் வைத்து ஊதுகுழலால் தீயை ஊதினால்தான் கொலுசு கொலுசாகும். பொடி வைத்துப் பேசுகிறான் என்று நாம் சொல்கிற வழக்கே அங்கிருந்து வந்ததுதான் என்று சொல்வார்கள். அந்தத் தீக்கு முன்னால் முப்பது ஆண்டு குனிந்திருந்த மனிதரின் முகத்தை மூன்று வரியில் வைக்க, அந்த வீட்டில் பிறந்த பிள்ளையால்தான் முடியும்.

அவன் ஐயா என்று சொன்னது, அவனுக்குக் கவிதை சொல்லித்தந்த அந்த மூத்த கவிஞரை. அவருடைய கையெழுத்துப்படி இரண்டு ஆண்டு கழித்து என் மேசைக்கு வந்தது. அதில் இந்தக் கவிதை இருந்தது. இன்னும் பதினொரு கவிதைகளும் இருந்தன. சில இடங்களில் அடி மாறியிருந்தது, சில இடங்களில் தலைப்பு மாறியிருந்தது. இந்தக் கவிதையின் முதல் வரி மட்டும் "தூசி துடைத்து ஊதினார் அப்பா" என்று திருத்தப்பட்டிருந்தது. பொடி என்றால் தூசி என்று அவர் நினைத்துவிட்டார்! தூசியைத் துடைத்து ஊதினால் கண்ணி எப்படி ஒட்டும், இமைமயிர் எதற்காகக் கருகும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாற்காலி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், தம் வாழ்நாளில் ஒரு முறைகூட ஊதுகுழலை வாயில் வைக்காதவர், வேறொருவனுடைய அப்பாவைத் தம் அப்பாவாக ஆக்கிக்கொண்டு, அந்த அப்பாவின் தொழில் இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் அக்கறைகூட இல்லாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். திருட்டைவிட இந்த அலட்சியம்தான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது.

அந்தப் பையன் இரண்டு ஆண்டும் ஏன் எங்கும் எதையும் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஐயா அனுப்ப விடவில்லை. "நடை இன்னும் பக்குவப்படவில்லை, அவசரப்பட்டால் பெயர் கெட்டுவிடும், நேரம் வரும்போது நானே அணிந்துரை எழுதித் தருகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, நோட்டை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு நாற்காலி போடவும் பதாகை கட்டவும் தேநீர் வாங்கிவரவும் அவன் வேண்டும். பலர் சேர்ந்து போடும் தொகுப்பு நூலுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வசூலிக்கவும், மிஞ்சிய பிரதிகளைத் தலையில் கட்டவும் அவன் வேண்டும். மேடையில் மட்டும் வேண்டாம்.

மேடை ஏன் மறுக்கப்பட்டது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கவியரங்கத்தில் ஐயா தலைமை. பையனுக்கு மூன்றாவது இடம். அப்பாவைப் பற்றிய அந்தக் கவிதையை அவன் வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, இன்னொரு தடவை படிப்பா" என்றார். மண்டபமே கைதட்டியது. அப்போது தலைவரின் முகத்தைப் பார்த்தேன். கைகள் தட்டிக்கொண்டிருந்தன, தாடை இறுகியிருந்தது. அடுத்த கவிஞரை அழைப்பதற்கு முன் ஒலிவாங்கியைப் பிடித்து, "தம்பி என் தோட்டத்துச் செடி" என்று சொன்னார். அதற்குப் பிறகு நடந்த அரங்குகளில் எல்லாம் பையனின் பெயர் கடைசியில் இருக்கும், அவன் முறை வரும்போது நேரம் முடிந்திருக்கும். ஏற்காட்டில் ஒரு நாள் கவிதை முகாம் நடத்தினார்கள். மற்றவர்கள் வேனில் போக, இவன் பதாகைக் கட்டையும் புத்தக மூட்டையையும் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனான். அங்கும் வாசிக்க அழைக்கவில்லை.

"குரு திருத்திக் கொடுத்தால் அதில் குருவுக்கும் பங்கு உண்டுதானே?" என்று எங்கள் அச்சகத்திலேயே ஒருவர் என்னிடம் கேட்டார். தளை தட்டுகிறது என்று சுட்டிக்காட்டுவதும் ஒரு சொல்லை மாற்றச் சொல்வதும் ஆசிரியரின் வேலை. எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லித்தந்த அம்மா, என் அரைகுறை வெண்பாக்களை எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்; அவற்றில் ஒரு சீரைக்கூடத் தம்முடையது என்று அவர் சொன்னதில்லை. இப்படி நடக்கிற ஆசிரியர்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள், அதனால்தான் இந்த மனிதர் மீது எனக்கு இத்தனை கோபம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், யாரெல்லாம் ஆசிரியராக இருக்கத் தகாதவர் என்று சொல்லும்போது அழுக்காறு, அவா, வஞ்சம் மூன்றையும் ஒரே அடியில் சேர்த்தே வைத்திருக்கிறார். அதே நூற்பாவில் மடற்பனையும் வருகிறது. பனை தானாக உதிர்த்தால் பழம் கிடைக்கும், நாமாக நெருங்கிப் போனால் மட்டை கிழித்துவிடும். இந்த மனிதர் அந்தப் பனையைவிடக் கேடானவர். பனை யாருடைய பழத்தையும் பறித்துத் தன் தலையில் வைத்துக்கொள்வதில்லை.

சட்டமும் பையன் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவனே முதல் உரிமையாளன். அந்த உரிமை கிடைக்கப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் அதை வேறொருவருக்கு மாற்றவும் முடியாது. அப்படியே மாற்றிக் கொடுத்திருந்தாலும், இதை எழுதியவன் நான் என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவனிடமே இருக்கும். தெரிந்தே மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்று அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. இத்தனையும் எடுத்துச் சொன்னபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயாகிட்ட போய் எப்படிக்கா கேக்கறது? எனக்கு எதுகை மோனை சொல்லிக் குடுத்ததே அவர்தான்" என்றான். இந்த நன்றியுணர்ச்சியை நம்பித்தான் அந்த மனிதர் துணிந்தார். சண்டைக்கு வருகிறவனுடைய நோட்டை அவர் தொட்டிருக்கவே மாட்டார்.

அவன் தொழிலில் நாள் முடிந்ததும் தரையைப் பெருக்கி, அந்தத் தூளில் கலந்திருக்கும் வெள்ளியைக்கூடச் சேகரிக்கிறார்கள். கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று துல்லியமாகக் கணக்கு உண்டு. ஒரு குண்டுமணி எடை குறைந்தாலும் அந்தப் பையன் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு கவிதைகள் குறைந்ததற்கு மட்டும் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. வெளியீட்டு விழாவில் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலிகளை அடுக்கியவன் அவன்தான்.

அன்றைக்கு நான் அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். முதலாளியிடம் சொன்னேன், "வாடிக்கையாளர் விவகாரம் நமக்கு எதற்கு" என்றார், நானும் பேசாமல் முடித்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது. இப்போது அந்தப் பையன் எழுதுவதையே நிறுத்திவிட்டான். கேட்டால் முகூர்த்த நாள் நெருக்கம், பட்டறையில் வேலை அதிகம் என்கிறான்.

போன வாரம் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கான திருத்தங்கள் வந்தன. நான் அதைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் அடித்த முப்பத்தெட்டுக் கவிதைகளின் கோப்பு, சேமித்த தேதியும் நேரமும் மாறாமல் கணினியில் அப்படியே இருக்கிறது. அதை இரண்டு படி அச்செடுத்து, ஒன்றைப் பட்டறைக்கே கொண்டுபோய் அவன் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் பக்கத்தில் பொடி என்றே இருக்கிறது.