பம்ப் கணக்குக்குள்ளேயே சுற்றுச்சூழல் பாடம் இருக்கிறது

தேவைக்கு மேல் தண்ணீர் தள்ளும் பம்பை என்ன செய்வது? பல ஆலைகளில் இன்றும் வால்வைப் பாதி மூடிவிடுகிறார்கள். மோட்டார் என்னவோ முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதே பம்பின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரத் தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். பம்புக்குத் தேவையான திறன் (பவர்) வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. (உயரத்துக்கு ஏற்றும் பம்பில் இவ்வளவு மிச்சம் வராது. குழாய் உராய்வே பெரிய சுமை என்றால் வரும்.) உலகின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி மோட்டார்களுக்குத்தான் போகிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்த விதியைப் படிக்காத மெக்கானிக்கல் மாணவர் அநேகமாக இருக்க முடியாது. ஆனால் பரீட்சையில் ஒரு கணக்காக வந்து போவதோடு சரி. இந்தப் பம்ப் தன் ஆயுளில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. சுற்றுச்சூழல் என்பது வேறொரு பேப்பர். மனப்பாடம் செய்து தேறிவிடலாம். இதுதான் என் வருத்தம்.

ஏனென்றால் பொறியியல்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் சூரிய மின்கலம், விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பேனல்களே 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. விலை சரிந்ததற்கு ஒரே ஒரு மாபெரும் கண்டுபிடிப்பைக் கைகாட்ட முடியாது. சிலிக்கான் கட்டியை வைரத்துகள் பதித்த கம்பியால் அறுத்து, தூளாக வீணாவதைக் குறைத்தார்கள். அறுத்தெடுத்த சிலிக்கான் வில்லைகளை மெல்லியதாக்கினார்கள். வெள்ளியைச் சிக்கனமாகப் பூசினார்கள். எல்லாமே தொழிற்கூடத்தில் பொறியாளர்கள் பொறுமையாகச் செய்த வேலை.

சிமெண்ட் இதைவிடக் கடினமான கணக்கு. மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் அதன் பங்கு. சூளைக்கு நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய வெப்பத்தைக் கொடுத்தாலும் அதில் பாதிக்கு மேல் நிற்காது. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லிலிருந்தே அந்த வாயு பிரிகிறது. ஆகவே சூளையில் அப்படிச் சுட்டெடுக்கும் கிளிங்கர் கட்டிகளைக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துக் கலவையையே மாற்றுகிறார்கள். தளத்தைத் தேவைக்கு மேல் தடிமனாகப் போடாத சிவில் பொறியாளருக்கும் இதில் பங்குண்டு.

கேள்வியை உடனடித் தேவையோடு குறுக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி போதும். அவர் படித்ததும் மெக்கானிக்கல்தான். இன்ஜின் தட்டும் சத்தத்தை நிறுத்த, பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மத்தை 1921-ல் கண்டார். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரியும். 1928-ல் குளிர்பெட்டிகளுக்கு சிஎஃப்சி வாயு. அது ஓசோனைத் தின்னும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-ல் சொல்ல, அதைக் கட்டுப்படுத்த 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. மாற்று வாயுக்களை உருவாக்கித் தந்தவர்களும் வேதியியலாளர்களும் பொறியாளர்களும்தான். ஓசோன் படலம் இப்போது மெல்லத் தேறி வருகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவில், “இது ஆயுள் முழுக்க எவ்வளவு மின்சாரம் எடுக்கும்? பழுதானால் எப்படிக் கழற்றுவது? கடைசியில் எந்தப் பாகம் எங்கே போகும்?” என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மார்க்கைக் குறையுங்கள். முதல் வருடம் திணறுவார்கள். அப்புறம் வருகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே வருவார்கள்.