புல்லட் ரயில் வேண்டாம், அந்தத் தூண்கள் போதும்

சீனாவின் தன்யாங்–குன்ஷான் ரயில் பாலத்தின் படம் திருகோணமலைக் குழுக்கள் எல்லாத்திலயும் சுத்துது. கீழ எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "நமக்கு எப்ப வரும்?" வராது. வரவும் வேண்டாம். அந்தப் படத்தில ரயிலை விடுங்க, அதுக்குக் கீழ இருக்கிறதைப் பாருங்க.

பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேகப் பாதையில ஒரு துண்டு அது. 2011இல ரயில் ஓடத் தொடங்கினது. நீளம் 164.8 கிலோமீற்றர். 2009இல திறந்தபோது இலங்கையிலேயே நீளமானது என்று நாம பெருமைப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். கணக்குப் போட்டுப் பாருங்க, நானூறு கிண்ணியாப் பாலம் தாண்டும்.

இத்தனைக்கும் அதுக்குக் கீழ பெரும்பாலும் வயல், வாய்க்கால், குளம். யாங்சி ஆத்துப் படுகையின் இளக்கமான மண். மண்ணைக் கொட்டி அணை கட்டினா வருசக்கணக்கில அமிழ்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு 300 கிலோமீற்றரில ஓடுற ரயிலுக்குத் தண்டவாளம் கொஞ்சம் இறங்கினாலே ஆபத்து. அதனால ஆழத்துக்குப் பைல் (நிலத்துக்குள்ள புதைக்கிற அத்திவாரத் தூண்) இறக்கி, மேல தூண் எழுப்பி, பாதையை நிலத்தை விட்டே தூக்கிட்டாங்க. இந்தப் பாதைகளில தூணுக்குத் தூண் வழக்கமா 32 மீற்றர். மேல வைக்கிற கொங்கிரீட் பெட்டி ஒண்டு ஏறக்குறைய 900 தொன். அதைக் கிட்டத்திலேயே வார்த்து, ஏற்கெனவே வச்ச பெட்டிகளுக்கு மேலாலேயே உருட்டிக்கொண்டு போய் அடுத்த தூணில இறக்குவாங்க. வயல்காரனுக்குப் போறது தூண் நிக்கிற இடம் மட்டும்தான். வெள்ளமும் மறிபடாது.

இப்ப நம்மட கொழும்பு–திருகோணமலை ரயில் பாதைக்கு வாங்க. வெள்ளைக்காரன் காலத்தில காட்டை ஊடறுத்து நிலத்தோட போட்டது. இரவு மெயிலில வந்தவங்களுக்குத் தெரியும், கல்லோயாப் பக்கம் வண்டி ஊர்ந்து ஊர்ந்து, விடாம ஹோன் அடிச்சுக்கொண்டு போகும். ஜன்னலோரம் இருக்கிற யாராவது "ஆனை, ஆனை" என்பார், பாதிப்பெட்டி எழும்பி அந்தப் பக்கம் சாயும். 2025 பெப்ரவரியில அதே கல்லோயாப் பகுதியில ரயில் மோதி ஆறு ஆனை செத்தது. ரயிலும் தடம் புரண்டது. உடனே டிரைவரைத் திட்டினோம். வளைவில ஹெட்லைட் வெளிச்சம் தண்டவாளத்தை விட்டுக் காட்டுக்குள்ள விழும். ஆனை கண்ணுக்குப் படும்போது பிரேக் பிடிச்சும் பிரயோசனம் இல்ல. அந்த மனுசன் என்ன செய்வார்?

கென்யாவில 2017இல திறந்த மொம்பாசா–நைரோபிப் பாதையில, சாவோ காட்டுக்குள்ள ஆனைக்கென்றே கீழ்வழி விட்டிருக்காங்க. ஆனைகள் அதால போய் வருது. அதுவும் புல்லட் ரயில் இல்ல, சாதாரண வண்டிதான். கல்லோயாவிலயும் அப்படிப் பாதையைத் தூண் மேல தூக்கி, கீழால ஆனைக்கு வழி விடணும் என்கிறன்.

"ஆனைக்குப் பாலமா? 2021இல கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில, பாலம் இல்லாம ஓடின பாதைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் செத்ததே?" என்று கேட்பீங்க. கேட்கத்தான் வேணும். மனுசர் கடக்கிற பாலம்தான் முதல், அதில எனக்கு மறுபேச்சு இல்ல. அதுக்கு அடுத்த இடத்திலதான் இதை வைக்கிறன். 300 கிலோமீற்றர் வேகம் என் பட்டியலிலேயே இல்ல. கொழும்புக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். மணிக்கு 80இல ஒழுங்கா ஓடினாலே நாலு மணித்தியாலத்தில போயிடலாம். இப்ப அதுக்கு ஓர் இரவு போகுது.

காசு எங்க என்றால், 2022இல வங்குரோத்தான நாடு, லேசில்லைதான். ஆனா செய்யத் தெரியாத வேலையும் இல்ல. 2019இல திறந்த மாத்தறை–பெலியத்த ரயில் பாதை, தாழ்ந்த இடங்களில தூண் மேலதான் போகுது. சீனக் கடன், சீனக் கொம்பனி. தெற்குக்கு வந்தது கிழக்குக்கு ஏன் வரல்ல என்று நான் சொல்லத் தேவையில்ல.

நான் கேட்கிறது 164 கிலோமீற்றர் இல்ல. ஆனை வழக்கமா எங்க கடக்குது என்று வனஜீவராசிக்காரருக்கும் தெரியும், ரயில்வேக்காரருக்கும் தெரியும். அந்த இடங்களில மட்டும் பாதையைத் தூக்கினாப் போதும். அடுத்த முறை வோட்டுக் கேட்டு வாறவங்க "அதிவேக ரயில்" என்று தொடங்கினா, கல்லோயாவில எத்தனை மீற்றர், எந்த வருசத்துக்குள்ள என்று மட்டும் கேளுங்க.