ஒருமனதாக என்றால், யாருடைய மனது அந்த ஒரு மனது?

"அனைவருடனும் கலந்து பேசி ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது."

நேற்று சாயந்திரம் மெயிலில் வந்த மினிட்ஸில் இருக்கும் வரி இது. மீட்டிங் நடந்து மூன்று வாரம் ஆகிறது, மினிட்ஸ் இப்போதுதான் வருகிறது, அதுவும் ஒன்றாம் தேதி நடந்த கூத்துக்கு அப்புறம். போன பதிவைப் படித்தவர்களுக்கு எந்த மீட்டிங், எந்தக் கூத்து என்று தெரியும். மறுபடி முழுசாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: புது பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஒன்றாம் தேதியே மொத்தமாக மாறிவிடலாம், பழையதைக் கூடவே ஓட்ட வேண்டாம் என்றார்கள். ஒன்றாம் தேதி காலையில் ஸ்டாக் கணக்கு உதைத்தது, பில் வரவில்லை, பில் இல்லாமல் ஈ-வே பில் இல்லை, அது இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. ராத்திரி பதினொன்றரை வரை ஏழு லாரி வரிசைகட்டி நின்றது. டிரைவர்களிடம் திட்டு வாங்கியது யார்? ஸ்டோர்ஸ். அதாவது நான்.

அந்த மீட்டிங்கில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வாயைத் திறந்தது மூன்று பேர்: எம்.டி., சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த தம்பி, அப்புறம் நான். "சார், ஒரு மாசம் ரெண்டையும் சேர்த்து ஓட்டுவோம், ஓப்பனிங் ஸ்டாக் இன்னும் சரிபார்த்து முடியல" என்றேன். எம்.டி. சிரித்துக்கொண்டே, "மேடத்துக்குப் புதுசுன்னாலே பயம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" ஏசி சத்தம் மட்டும் கேட்டது. "சரி, அப்ப எல்லாருக்கும் ஓகே." முடிந்தது. இதுதான் அந்த ஒருமனது.

நான் சொன்னது மினிட்ஸில் இல்லை. ஒரு வரி கூட இல்லை. எதிர்த்துப் பேசியவளையும் சேர்த்து ஒருமனதாக ஆக்கிவிட்டார்கள்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது, அவர் நிச்சயம் தட்டோடு தலைகுனிந்து நின்ற பெண்ணாக இருந்திருக்க மாட்டார். பெண் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் "என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்து "வெக்கப்படுறா, சம்மதம்தான்" என்று முடிவு கட்டுகிறார்களே, அதே முறைதான் இன்றைக்கும் கான்ஃபரன்ஸ் ரூமில் நடக்கிறது. காபிக்குப் பதில் பிளாக் டீ, அவ்வளவுதான் வித்தியாசம். பேசாமல் இருப்பது சம்மதம் இல்லை சார். பேசாமல் இருப்பது பேசாமல் இருப்பது. அதற்குள் பயம் இருக்கலாம், சலிப்பு இருக்கலாம், "சொல்லி என்ன ஆகப்போகிறது" இருக்கலாம், பசி கூட இருக்கலாம், அப்போது மணி ஒன்றே கால்.

அந்த ஒன்பது பேரில் நாலு பேர் மீட்டிங் முடிந்த பத்தாவது நிமிஷம் டீக்கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீங்க சொன்னதுதான் மேடம் சரி." அந்த வாக்கியத்தைக் கேட்கும்போது எனக்கு வந்த கோபம் எம்.டி. சிரித்தபோது கூட வரவில்லை. அதில் ஒருவர் என் தோழி. பெயர் எழுத மாட்டேன். மீட்டிங்குக்கு முந்தின மூன்று நாளும் சாயந்திரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்த ஐட்டம் கணக்கு இடிக்கிறது என்று எனக்கே காட்டியவள். அவள் வாயைத் திறந்து "ஆமா சார்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

போதும் என்று நான் சும்மா சொல்லவில்லை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்க வேண்டியது. சின்னப் பிள்ளை கூடச் சரியாகச் சொல்லும். ஆனால் அறையில் மற்ற எல்லாரும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு தப்பான பதிலைச் சொல்வார்கள், விஷயம் தெரியாதவர் ஒரே ஒருவர். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே வந்தது. கண் முன்னால் இருக்கிற கோடு! எனக்கு முக்கியமானது அதற்கு அடுத்தது. கூட்டத்தில் இன்னொரு ஆள் மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி மாற்றியபோது, கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு ஆள். நான் கேட்டதும் அந்த ஒரு ஆளைத்தான்.

"உங்களுக்கு ஈகோ, உங்க பேச்சை யாரும் கேட்கலைன்னு கடுப்பு" என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், கடுப்புதான். பதினாலு வருஷம் ஸ்டோர்ஸில் நின்றவளின் பேச்சைச் சிரித்துத் தள்ளினால் கடுப்பு வராமல் என்ன செய்யும்? எனக்குக் கடுப்பு இருப்பதால் ஓப்பனிங் ஸ்டாக் சரியாகிவிடுமா? என் ஈகோவை அளந்தபடி லாரியை வெளியே அனுப்ப முடிந்ததா? நான் திமிர் பிடித்தவளாகவே இருக்கட்டும். திமிர் பிடித்தவள் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நாலுதான்.

"எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது" என்பது இன்னொன்று. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? முடிவை எம்.டி. எடுக்கட்டும், அது அவர் கம்பெனி, அவர் பணம். "ஸ்டோர்ஸ் வேண்டாம் என்றார்கள், நான் பொறுப்பேற்று மாறச் சொல்கிறேன்" என்று எழுதட்டும். அப்படி எழுதினால் ஒன்றாம் தேதி நடந்ததற்கு ஒரு முகம் இருக்கும். ஒருமனதாக என்று எழுதியதால் அது பன்னிரண்டு பேர் தலையில் பங்கு போட்டாகிவிட்டது.

1986 ஜனவரியில் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது, ஏழு பேர் போனார்கள், அது எல்லாருக்கும் தெரியும். முந்தின ராத்திரி நடந்த ஒரு போன் மீட்டிங் பலருக்குத் தெரியாது. ராக்கெட் பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் இன்ஜினியர்கள், குளிரில் ரப்பர் வளையம் விறைத்துப்போகும், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று மன்றாடினார்கள். நாசா தரப்புக்குப் பிடிக்கவில்லை. போனை மியூட்டில் போட்டுவிட்டுக் கம்பெனிக்குள் பேசினார்கள். ஒரு மேலதிகாரி இன்ஜினியரிங் தலைவரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். நாலு மேனேஜர்கள் மட்டும் சேர்ந்து சரி என்று முடிவு செய்தார்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி மாதிரி கடைசி வரை வாதாடிய இன்ஜினியர்களை அந்த முடிவில் கேட்கவே இல்லை. திரும்ப லைனுக்கு வந்ததும் நாசா அதிகாரி, யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. காலையில் ஏவும்போது குளிர் சுமார் 2 டிகிரி.

எங்கள் கோடவுனையும் விண்கலத்தையும் ஒப்பிடுகிறேனா என்று சிரிக்காதீர்கள். எங்களிடம் யாரும் சாகவில்லை, தெரியும். ஆனால் "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முடிவு எடுத்த பிறகு கேட்கிற கேள்வி. பதில் வராது என்று தெரிந்து கேட்கிற கேள்வி.

என் அம்மாவுக்கு இந்தக் கேள்வியின் வண்டவாளம் முப்பது வருஷத்துக்கு முன்பே தெரியும். மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசுத் திட்டமாகத் தமிழ்நாட்டில் முதலில் ஆரம்பித்ததே எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அம்மா குழுவில் சேர்ந்தது சில வருஷம் கழித்து. பதினேழு பேர். வாரா வாரம் எங்கள் திண்ணையில் கூட்டம், சந்தா, கடன், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. ஒரு தடவை குழுவை நடத்தும் ஊக்குநர் தன் நாத்தனாருக்குக் கறவை மாடு வாங்கக் கடன் கொடுக்கலாம் என்றார். அந்தம்மா பழைய கடனையே கட்டவில்லை என்பது பதினேழு பேருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டினார்கள், புத்தகத்தில் ஒருமனதாகத் தீர்மானம் ஏறியது. பணம் திரும்பவில்லை. அப்புறம் தெருக்குழாயில் சண்டை நாறியது.

அடுத்த கடன் வந்தபோது அம்மா ஒரு சொம்பை எடுத்து வந்து துணியால் மூடி வைத்தார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு கூழாங்கல். கொடுக்கலாம் என்றால் கொட்டை, வேண்டாம் என்றால் கல், கையை உள்ளே விட்டுப் போட வேண்டியது. போடுவதற்கு முன் வாயால் கேட்டதற்குப் பதினேழு பேரும் "குடுக்கலாம்" என்றார்கள். சொம்பைக் கவிழ்த்தால் பதினொரு கல். நான் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன், கல்லை எண்ணியது நான்தான். அன்றிலிருந்து கூட்டத்தில் ஊக்குநர் கடைசியாகத்தான் பேசுவார். முதலில் பேசுவது புதிதாகச் சேர்ந்தவள். ஐந்தாம் வகுப்பு படித்த பொம்பளை போட்ட விதி அது. எங்கள் கம்பெனியில் எல்லாரும் எம்.பி.ஏ.

உடனே "நம்மிடம் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே குடவோலை இருந்தது" என்று ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு வருவார். இருந்தது ஐயா. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்றும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது, அதை மட்டும் ஏன் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை? அப்புறம், அந்தச் சபையில் என் அம்மாவுக்கு இடம் இருந்திருக்காது, அதையும் சேர்த்தே பெருமைப்படுங்கள்.

சரி, டீம் பில்டிங் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மினிட்ஸின் கடைசி ஐட்டம் அது. அடுத்த மாதம் ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் அவுட்டிங், எல்லாருக்கும் ஒரே கலர் டீ-ஷர்ட், கயிறு இழுக்கும் போட்டி. ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சுக்காரர் 1880களிலேயே ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்திருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வருகிறதாம். கண்டுபிடிக்க பிரான்ஸ் வரை போயிருக்க வேண்டாம், எங்கள் கான்ஃபரன்ஸ் ரூமுக்கு வந்திருக்கலாம். டீ-ஷர்ட் எனக்கு எக்ஸ்.எல். என்று ஹெச்.ஆரிடம் சொல்லிவிட்டேன். போகத்தான் போகிறேன், போகாவிட்டால் அதற்கும் "டீம் ப்ளேயர் இல்லை" என்பார்கள். அப்ரைசலில் ஏற்கெனவே அப்படி எழுதியாகிவிட்டது.

நல்ல டீம் என்றால் சத்தமே வராத டீம் என்று யார் சொன்னது? ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறை வெளியே சொல்கிறார்கள், மற்ற இடத்தில் மறைக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

"உங்களுக்கு என்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், ஈ.எம்.ஐ. கட்டுகிறவன் எப்படிப் பேசுவான்?" என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நியாயம்தான். என் தோழிக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பையன் இந்த வருஷம் காலேஜ்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்றாம் தேதி லாரிகள் நின்றதற்கு ஒரு காரணம், சில ஐட்டங்கள் பழையதில் பெட்டிக் கணக்கிலும் புதியதில் பீஸ் கணக்கிலும் ஏறியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. என் செக்‌ஷனில் எட்டு மாதம் முன்னால் சேர்ந்த பையன் பார்த்திருக்கிறான், முந்தின வாரமே. ஏன்டா சொல்லலை என்றேன். "நீங்க டென்ஷன்ல இருந்தீங்கக்கா. அதுவுமில்லாம முதல்ல ஒருதடவை ரேக் நம்பர் தப்பா இருக்குன்னு சொன்னப்ப, வேலையைக் கத்துக்கிட்டு அப்புறம் பேசுன்னு சொன்னீங்க."

அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவனுக்குத் தேதி கூட ஞாபகம் இருக்கிறது.

நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி மீட்டிங், பழைய சாஃப்ட்வேரை நிரந்தரமாக மூடுவது பற்றி. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், ஸ்டோர்ஸ் சார்பில் முதலில் அவன்தான் பேசுவான் என்று எம்.டி.க்கு மெயில் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. போன பதிவுக்கு லைக் போட்ட ஆபீஸ்காரர்கள் ஆறு பேர். இதற்கும் போடுவீர்கள், தெரியும். வேண்டாம். பத்து மணிக்கு வாருங்கள்.