நான்காவது இலையை யார் கேட்டார்கள்?

இலவசமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களாம். என் கையாலேயே தாளில் படம் வரைந்து, "மூன்று இலை, மூன்று மட்டும்" என்று எழுதி, அடிக்கோடும் இட்டுக் கொடுத்த பிறகும், நான் கேட்காத நான்காவது இலையொன்றைக் கேக்கின் மேல் பச்சைக் கிரீமால் பிழிந்து வைத்துவிட்டு, அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும் என்று அந்த பேக்கரிக்காரர்கள் எதிர்பார்த்தார்கள்.

மார்ச் மாதம் பிறந்தாலே சிகாகோவில் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது. என் கணவர் அயர்லாந்தில், கார்க் கவுன்டியில் ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். அந்த நாட்டின் காவல் புனிதருக்காக மார்ச் பதினேழாம் தேதி வரும் புனித பாட்ரிக் திருநாள் என்றால் அவருக்குக் காலையில் பூசை, கோட்டில் குத்திக்கொள்ளும் ஒரு கொத்து ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடி, மழையில் நனைந்தபடி பார்க்கும் ஊர்வலத்தில் நான்கைந்து டிராக்டர்கள், வீடு திரும்பினால் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும், அவ்வளவுதான். தவக்காலத்தின் நடுவில் வரும் நாள் என்பதால், மிட்டாயைத் துறந்திருக்கும் பிள்ளைகளுக்கு அன்று ஒரு நாள் விலக்கு உண்டு. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த நாட்டில் பல பத்தாண்டுகளுக்கு அன்றைக்கு மதுக்கடைகளையே திறக்க முடியாமல் இருந்தது. இங்கேயோ காலை பத்து மணிக்கே பச்சை பீர் குடித்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டித்தான் நான் ரயில் ஏற வேண்டியிருக்கிறது. அதுவும் பதினேழாம் தேதி அல்ல. அது செவ்வாய்க்கிழமை என்பதால், வசதியாக அதற்கு முந்தைய சனிக்கிழமையே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள்.

சரி, கேக்குக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து காட்டிய பெண்ணிடம், "இதில் நான்கு இலைகள் இருக்கின்றன" என்றேன். அவர் குனிந்து, விரலை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணி, கணக்கு சரியாக வந்ததில் மகிழ்ந்து நிமிர்ந்தார். "ஆமாம், நான்கு!" என்றார். "நான் கேட்டது மூன்று" என்றேன். "நான்கு இலை என்றால் அதிர்ஷ்டம், கூடுதல் இலைக்குக் கட்டணம் இல்லை" என்றார். ஏதோ காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவதுபோல! ஷாம்ராக்குக்கு மூன்று இலைதான் என்றும், தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒன்றே என்பதை விளக்க அந்தப் புனிதர் மூவிலையைத்தான் கையில் எடுத்துக் காட்டினார் என்பது ஐதிகம் என்றும், எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்க, நான் பொறுமையாகச் சொன்னேன். அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படியானால் நான்காவது அதிர்ஷ்டத்துக்கு" என்றார்.

வில்வத்தில் இன்னொரு இலையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, "சிவனுக்குக் கூடுதலாக ஒன்று" என்று யாராவது நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும்? சூலத்துக்கு நான்காவது முனை வைத்துக் கொடுத்தால்? சிவ சிவா என்று நான் முணுமுணுத்தது காதில் விழுந்ததோ என்னவோ, அவர் மேலாளரை அழைத்தார்.

மேலாளர் பச்சைத் தொப்பியும் பச்சை மாலையும் அணிந்து வந்தார். என் நிறத்தையும் சேலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மிகுந்த கனிவோடு, குழந்தைக்குச் சொல்வதுபோல, இது ஐரிஷ் மக்களின் பண்டிகை என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். அவருடைய கொள்ளுப்பாட்டி அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவராம். எந்த ஊர் என்று தெரியாதாம். ஆகையால் இலை விஷயத்தில் அவரை நம்பலாமாம். அப்போதுதான் நான் கேக்கின் மேல், இலைகளுக்குக் கீழே இருந்த எழுத்துகளைக் கவனித்தேன். "பாடி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பாட்டி" என்று இருந்தது. பாட்ரிக் என்னும் ஆணைச் செல்லமாகச் சுருக்கினால் அயர்லாந்தில் பாடி. பாட்டி என்பது பட்ரீசியா என்னும் பெண்ணின் சுருக்கம். தமிழில் படித்தால் இன்னும் மோசம்: ஐந்தாம் நூற்றாண்டில், பதினாறு வயதில் கொள்ளையரால் பிடித்துச் செல்லப்பட்டு, ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்த ஒரு மனிதரின் நாளை நாங்கள் புனிதப் பாட்டி நாளாகக் கொண்டாட இருந்தோம். அதையும் சொன்னேன். "எங்கள் கொள்ளுப்பாட்டி அப்படித்தான் சொல்வார்" என்றார் மேலாளர். இரண்டு பாட்டிகளுக்கு எதிராக நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

இத்தனைக்கும் எனக்கு இது புதிய வலி அல்ல. ஜனவரியில் நான் பால் பொங்க வைக்கும்போது, "ஓ, உங்கள் தேங்ஸ்கிவிங்!" என்று சொல்லிவிட்டு, அந்த அமெரிக்க நன்றித் திருநாளின் வான்கோழி எங்கே என்று தேடுகிறவர்களும் இதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

இந்தத் திருநாளுக்காக ஆற்றுக்கே பச்சைச் சாயம் பூசும் ஊரில் கேக்கைப் பற்றிப் பேசுவது என் தவறுதான். குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட சாயத்தை 1962இல் குழாய்த் தொழிலாளர் சங்கத்தினர் ஆற்றில் கொட்டியதிலிருந்து தொடங்கிய வழக்கம் அது; இன்றைக்குக் கொட்டும் பொடியோ ஆரஞ்சு நிறம், தண்ணீரில் விழுந்த பிறகுதான் பச்சையாகிறது. அயர்லாந்து அரசியலில் ஆரஞ்சு, கத்தோலிக்கர்களின் பச்சைக்கு எதிரணியில் நின்ற புராட்டஸ்டன்டுகளின் நிறம் என்று தெரிந்தவர்கள் பாலத்தின் மேல் நின்று சிரித்துக்கொள்ளலாம்.

செவ்வாய் மாலை விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், பச்சைச் சட்டை போடவில்லை என்று என் கணவரின் கையைக் கிள்ளினார். கார்க்கில் பிறந்தவரை! பச்சை உடுத்தாதவரைக் கிள்ளுவது இங்கே சம்பிரதாயமாம். கிள்ளிவிட்டு, உப்புக்கண்ட மாட்டிறைச்சி எங்கே, அது இல்லாமல் என்ன ஐரிஷ் விருந்து என்று வேறு கேட்டார். அதே கார்க் துறைமுகத்திலிருந்து ஒரு காலத்தில் உப்பிட்ட மாட்டிறைச்சி கப்பல் கப்பலாக வெளியே போனதும், அதை வாங்கித் தின்ன அங்கிருந்த ஏழைகளுக்கு வக்கில்லாமல் இருந்ததும், அமெரிக்கா வந்த பிறகுதான் அது அவர்கள் தட்டில் விழுந்ததும் பற்றி என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியை எடுத்தார். நான் ஒரு கணம் பயந்துதான் போனேன். கேக்கின் நான்காவது இலையைச் சுற்றிப் பதமாக அறுத்து, கிரீம் சிந்தாமல் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரரின் தட்டில் வைத்தார். "உங்கள் அதிர்ஷ்டம்" என்றார்.

மீதி மூன்று இலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல் விழுந்த வாய்போல இருந்த கேக்கை வைத்துக்கொண்டு மாமியாரைக் காணொளியில் அழைத்தோம். எங்களுக்கு மாலை ஐந்து, அவருக்கு இரவு பத்து. திரை தெளிந்தது. தலையில் ஒரு முழம் உயரப் பச்சைத் தொப்பி. பேரன் ஊர்க் கடையில் வாங்கிக் கொடுத்தானாம். தொப்பியின் முன்பக்கம் மின்னிய இலைகளை, அந்த பேக்கரிப் பெண்ணைப் போலவே, நானும் விரல் வைத்து எண்ணினேன். நான்கு.

"நன்றாக இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் அலுவலகத்திலும் என் பற்கள் பச்சையாகவே இருந்தன.